ஏழு மில்லிமீற்றர் சுந்தரி

1

ஊரிலிருந்து தொலைபேசி எடுக்கிறவர்கள் எல்லோரும், "அங்க உங்களுக்குப் பொழுது எப்பிடிப் போகுது?" என்று கேட்பார்கள். "வேலை, வீடு, கோயில்" என்று சொல்லிவிடுவேன். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. மிச்ச உண்மையைப் போன வசந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகள் ஆரணி எங்கள் குசினியில் கண்டுபிடித்தாள்.

ஆரணி இங்கே ஜேர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கிறாள். முதுகு பிடித்தவர்களையும் முழங்கால் மாற்றியவர்களையும் பயிற்சி கொடுத்து நடக்கவைப்பது அவளுடைய தொழில். மாதத்தில் ஒரு ஞாயிறு கெல்சென்கிர்ச்சனுக்கு எங்களோடு சாப்பிட வருவாள். அன்று நான் சாமி அறைக் குத்துவிளக்கைப் பழப்புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, மேசையில் துவாய் விரித்துக் காயவைத்திருந்தேன். விளக்குக்குப் பக்கத்தில், அதே துவாயில், அதே பழப்புளியில் மினுங்கிக்கொண்டு, சுண்டுவிரல் அளவான பித்தளைக் கோதுகள் வரிசையாக நின்றன.

அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அம்மா, இதென்ன, விளக்கின்ர சாமானோ?"

"இல்லைப் பிள்ளை. கோது."

"என்ன கோது?"

"துவக்குக் கோது. சுட்ட தோட்டாவின்ர வெறுங் கோது."

"ஆற்ற துவக்கு?"

குசினி வாசலில் நின்ற என் கணவர் குணராசா சத்தமில்லாமல் திரும்பிச் சாமி அறைக்குள் போனார். ஆபத்து வரும்போது அவர் முதலில் தான் போய்க் கடவுளிடம் சேர்ந்துகொள்வார்.

"என்ர" என்றேன்.

ஆரணி அந்தக் கோதை ஏதோ செத்த பூச்சியை வைப்பதுபோலத் துவாயில் வைத்தாள்.

"ஏன் இஞ்ச வந்தனீங்கள் எண்டு சின்னனில கேட்டா, வெடிச் சத்தம் கேக்க ஏலாமல் வந்தனாங்கள் எண்டுதானே சொன்னனீங்கள்? ஒவ்வொரு சில்வெஸ்டருக்கும் என்னை இழுத்துக்கொண்டு போய் பாத்றூமுக்குள்ள பூட்டிக்கொண்டு இருந்தனீங்கள். சத்தம் கேக்கக் கூடாதெண்டு ஃபானையும் போட்டுவிட்டு. மற்றப் பிள்ளையள் எல்லாம் றோட்டில நிண்டு வாணம் பாத்தவை. நான் பாத் ரப்புக்குள்ள இருந்து புதுவருசம் கொண்டாடினனான்!"

சில்வெஸ்டர் என்பது இங்கே வருடத்தின் கடைசி இரவு. ஊர் முழுக்க வெடி கொளுத்தும். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை.

அவள் சாப்பிடாமல் போய்விட்டாள். கத்தரிக்காய்க் குழம்பை டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். அதையும் மேசையிலேயே விட்டுவிட்டாள். எங்கள் குடும்பத்தில் கறி டப்பாவை எடுக்காமல் போவது ஏறக்குறைய விவாகரத்து.

2

எல்லாவற்றுக்கும் காரணம் கேர்டாவும் உருளைக்கிழங்கு சலாட்டும்.

கேர்டா என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். என் வயதுதான். புகைத்துப் புகைத்துக் குரல் ஆண்குரலாகிவிட்டது. யாரையும் திட்டாமல் ஒரு வசனத்தை முடிக்க அவளுக்குத் தெரியாது. அவள் பேசுவது டொச், இந்த நாட்டு மொழி. நான் இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன், அவளுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

அவள் துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றில் அங்கத்தவர். அவர்களுடைய கோடை விழாவுக்கு என்னைக் கூப்பிட்டாள். பன்றி போடாத உருளைக்கிழங்கு சலாட் இருக்கிறது என்று சத்தியம் பண்ணினாள். போய்ப் பார்த்தால் சலாட்டில் உருளைக்கிழங்கை விடப் பன்றிதான் கூட. பசியோடு எங்கே போவது? பக்கத்தில் காற்றுத் துவக்கால் பிளாஸ்டிக் ரோசாப்பூவைச் சுட்டு விழுத்தும் கடை இருந்தது. சுட்டேன். விழுந்தது. இன்னொன்று சுட்டேன். அதுவும் விழுந்தது.

"சாப்பிடாமலே இப்பிடிச் சுடுறாய். சாப்பிட்டால் என்ன செய்வாய், பன்னாடை?" என்றாள் கேர்டா.

இப்படித்தான் நான் அந்தச் சங்கத்தில் சேர்ந்தேன். சங்கத்துத் துவக்குகளால் சுட்டுப் பழகி, பிறகு சொந்தமாக ஒன்று வாங்க ஆசைப்பட்டேன்.

இந்த நாட்டில் துவக்கு வாங்க ஆசை மட்டும் போதாது. பரீட்சை எழுத வேண்டும். ஒழுங்காகச் சுட்டுப் பழகியதற்குச் சங்கம் சாட்சி சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே "பெட்யூர்ஃப்னிஸ்" இருக்க வேண்டும். தேவை என்று அர்த்தம். ஆனால் நான் அந்தச் சொல்லை முதியோர் இல்லத்தில்தான் பழகியிருந்தேன். அங்கே வயதான சீமாட்டிகள் மலசலகூடத்துக்குப் போக வேண்டும் என்பதை நாகரிகமாகச் சொல்லப் பாவிக்கும் சொல் அது.

டெர்மின், அதாவது முன்கூட்டியே நேரம், எடுத்துத் துவக்கு அனுமதி அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடி போட்ட அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "உங்கள் பெட்யூர்ஃப்னிஸை எப்படி நிரூபிப்பீர்கள்?" என்று கேட்டார்.

"வீட்டிலேயே முடித்துவிட்டுத்தான் வந்தேன்" என்றேன்.

அவர் நெடுநேரம் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள்கள் மட்டும் குலுங்கின.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது எனக்கும் சிரிப்பு வந்தது, வேறு காரணத்துக்காக. நான் அகதியாக வந்த புதிதில் வேறொரு அதிகாரி, வேறொரு மேசைக்குப் பின்னால் இருந்து, ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்: எப்போதாவது துவக்கைத் தொட்டிருக்கிறீர்களா? இல்லை என்றேன். நிச்சயமாக? இல்லை. ஒருமுறைகூட? இல்லை ஐயா. தொடாதவள் என்று நம்பவைத்து இந்த நாட்டுக்குள் வந்தேன். இப்போது ஒழுங்காகத் தொட்டவள் என்று நம்பவைக்க அலைகிறேன்.

3

துவக்கு வாங்கினால் அதற்கு இரும்புப் பெட்டகம் வேண்டும். அது சட்டம். இரண்டு பேர் மூச்சு வாங்க வாங்க அதை எங்கள் இரண்டாம் மாடிக்கு ஏற்றிவந்தார்கள். எங்கள் வீட்டில் அதற்கு இடம் சாமி அறையில் மட்டும்தான் இருந்தது. அதனால் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நின்றது.

கீழ்வீட்டுத் தமிழ்ச் சனம் அதை ஏற்றும்போது பார்த்துவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் நான்கு பேர் என்னிடம் பவுண் விலையைப் பற்றிக் கதைத்தார்கள்.

"நீர் வாயைத் திறக்காதையும்" என்றார் என் கணவர் காருக்குள். அவர் கோயில் நிர்வாக சபையில் இருக்கிறார். "நகை எண்டே நினைக்கட்டும். துவக்கெண்டால் என்னைச் சபையில வைச்சிருப்பினமோ?"

"வைச்சிருப்பினம். வலு பயத்தோட வைச்சிருப்பினம்."

அவர் சிரிக்கவில்லை. ஆரணிக்கும் நாங்கள் நகை என்றுதான் சொல்லியிருந்தோம்.

பெட்டகம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓர் அதிகாரி வந்தார். வாசலில் செருப்புக் குவியலைக் கண்டதும் தானாகவே சப்பாத்தைக் கழற்றினார். ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. சாமி அறைக்குள் போய்ப் பெட்டகத்தைப் பார்த்தார், துவக்கின் இலக்கத்தைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார். என் கணவர் பதற்றத்தில், விருந்தாளியை எப்படி வழியனுப்புவது என்று தெரியாமல், திருநீற்றுத் தட்டை நீட்டினார். அதிகாரி நன்றி சொல்லி ஒரு விரலால் தொட்டு வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லது" என்றார்.

4

என் துவக்கு கைத்துவக்கு. ஒருமுறைக்கு ஒரு தோட்டாதான் போடலாம். நடுவில் மடித்துத் திறந்து, ஒன்றைப் போட்டு, மூடிச் சுட்டு, மறுபடியும் திறந்து கோதை எடுக்க வேண்டும். நாங்கள் இதனால் இரும்புத் தகட்டில் வெட்டிய மிருகங்களைச் சுடுகிறோம். கிட்டத்தில் கோழி, அதற்கு அப்பால் பன்றி, பிறகு வான்கோழி, கடைசியில் இருநூறு மீற்றரில் செம்மறிக்கடா. நான் மச்சம் சாப்பிடாதவள். வெள்ளிக்கிழமை விரதத்தில் கோழி சுடலாமா என்று கோயில் ஐயரிடம் கேட்க ஆசைதான். கணவருக்காக விட்டுவிட்டேன்.

கடாதான் பிரச்சினை. பட்டால் மட்டும் போதாது, விழ வேண்டும். கடைத் தோட்டா போய்ப் பட்டால் டிங் என்று ஒரு சத்தம் வரும். கடா அப்படியே நிற்கும், அகதியின் கதையைக் கேட்கும் அதிகாரி மாதிரி.

"கோதிலிருந்து பறக்கிற சன்னம் பாரம் காணாது. நாங்களே ஒரு தோட்டா செய்வம்" என்றாள் கேர்டா.

இப்படி, கடையில் கிடைக்காமல், சுடுகிறவர்கள் தாங்களாகவே வடிவம் போட்டுச் செய்யும் தோட்டாவுக்கு உலகம் முழுக்கக் "காட்டுப் பூனை" என்று பெயராம். புதிதாகக் கோது வார்ப்பதில்லை. வேறொரு தோட்டாவின் கோதை எடுத்து, அதன் கழுத்தை விரித்து, இன்னும் பருமனான சன்னத்தைப் பிடிக்கவைப்பது. பிறகு அதற்கென்று துளைத்த குழலில் வைத்து மெதுவான வெடியாக ஒருமுறை சுட வேண்டும். அந்த வெடியில் கோது உப்பிக் குழலின் சுவரில் ஒட்டி, அதன் வடிவத்தை எடுத்துக்கொண்டு வெளியே வரும். போகும்போது கூனிய தோளோடு போகும். வரும்போது தோள் நிமிர்ந்து, புதுப் பெண்சாதி எடுத்தவன் மாதிரி வரும்.

அந்தக் குழலை நாங்கள் ஒரு துவக்குத் தச்சரிடம் கொடுத்துத் துளைப்பித்தோம். அது கொலோனுக்குப் போய், குழல்களைச் சுட்டுச் சோதித்து முத்திரை குத்துவதையே வேலையாகக் கொண்ட அரச அலுவலகத்தில் தேற வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குள்ளேயே துவக்குச் சுடும் அரச ஊழியர்கள் இருக்கிறார்கள் என்று அன்றுதான் அறிந்தேன். தோட்டாவுக்கு ஒரு பெயரும் வேண்டும் என்றார் தச்சர், குழலில் பொறிக்க.

"இவளின்ர பேரைப் போடு" என்றாள் கேர்டா.

என் முழுப் பெயர் சிவகாமசுந்தரி. தச்சர் எழுத்துகளை எண்ணிப் பார்த்துவிட்டு, குழலை நீட்டினால்தான் முடியும் என்றார். அதனால் வாலை மட்டும் வைத்துக்கொண்டோம். குழல் திரும்பி வந்தபோது அதில் அரச முத்திரைக்குப் பக்கத்தில் "7 மி.மீ. சுந்தரி" என்று இருந்தது. ஏழு என்பது சன்னத்தின் பருமன். என் கணவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"கலியாணக் கார்டிலகூட உம்மட பேரை இவ்வளவு வடிவா அடிக்கேல்லை" என்றார்.

பிறகு தொடங்கியது சித்திரவதை. முதலில் விரித்த கோதுகளில் பாதிக்கு மேல் கழுத்து வெடித்தது. கழுத்தை முதலில் சூடாக்கி இளக்க வேண்டுமாம். ஆரணி எப்போதோ இனிப்புக்கு மேல் சீனி கருக்கவென்று வாங்கிவிட்டுப்போன சின்ன எரிவாயு விளக்கு வீட்டில் கிடந்தது. கேக் தட்டில் தண்ணீர் விட்டு, கோதுகளை அதில் நிறுத்தி, கேர்டாவின் பால்கனியில் கழுத்துக் கழுத்தாகச் சூடாக்கினோம். இரண்டாவது தொகுதியை அளவுக்கு மீறிச் சூடாக்கிவிட்டோம். விரலால் அமத்தினால் நசிந்தது. அடுப்பு எரிக்கிற வேலையில் தமிழ்ப் பெண் கெட்டிக்காரி என்று நினைத்தேனே என்றாள் கேர்டா. நான் டொச் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். மூன்றாவது தொகுதி நின்றது.

கோதுக்குள் வெடிமருந்து நிரப்ப இன்னொரு அனுமதி, இன்னொரு பரீட்சை. வாய்மொழிப் பரீட்சையில் "ஹ்யூல்சன்" என்றால் என்ன என்று கேட்டார்கள். கோது என்பதற்கு டொச். ஆனால் சுப்பர்மார்க்கெட்டில் பருப்பு வகைக்கு மேலே பலகையில் எழுதியிருப்பதும் அதே சொல்லில் தொடங்குவதுதான். நான் பதற்றத்தில், இரவு ஊறப்போட வேண்டும் என்று தொடங்கிவிட்டேன். எப்படியோ தேறினேன்.

முதல் நாள் சுட்டு வந்த புதுக் கோதை எடுத்து, கேர்டா அதன் வாயில் உதட்டை வைத்து ஊதினாள். விசில் சத்தம் வந்தது. நான் சட்டென்று அவள் கையிலிருந்து பறித்துவிட்டேன்.

"என்னடி?"

நாங்கள் கழுத்து விரித்த தாய்க்கோது, இராணுவத் துவக்குகளுக்குப் போடுகிற அதே அளவு. என் பள்ளிக்கூட நாட்களில் எங்கள் வீட்டு முன் ஒழுங்கையில் சிதறிக் கிடந்தது அதுதான். நாங்களும் பொறுக்கி வைத்து அப்படித்தான் விசில் அடிப்போம். ஒருநாள் அப்பா வந்து என் வாயிலிருந்து தட்டிவிட்டார். அவர் எனக்குக் கைநீட்டியது அந்த ஒருமுறைதான். அன்று அந்த ஒழுங்கையில் யார் வீட்டில் செத்தவீடு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கேர்டாவுக்குச் சொன்னேன். அவள் முதல்முறையாக யாரையும் திட்டவில்லை. சிகரெட்டை அணைத்துவிட்டு, கோதுகளைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டாள். அன்றிலிருந்து கழுவுகிற பொறுப்பை நான் எடுத்தேன். அதனால்தான் அவை என் குசினிக்கு, பழப்புளிக்கு, ஆரணியின் கைக்கு வந்து சேர்ந்தன.

5

ஆரணி என்னோடு கதைக்காமல் இருந்த நாட்களில் தகப்பனோடு மட்டும் தொலைபேசியில் கதைத்தாள். அதற்கிடையில் நகைப் பெட்டகத்தின் புகழ் கொலோன் வரைக்கும் போய், அங்கிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெடியன் பொறியியலாளர், பெயர் நிரோஷன், இங்கேயே பிறந்தவன். தாய் தானாகவே தொலைபேசி எடுத்தார்.

"அப்பாவுக்காகக் கோப்பி குடிக்க மட்டும் வாறன்" என்று ஆரணி சொன்னாளாம்.

வந்தாள். எனக்கு ஒரு "ஹலோ" சொன்னாள். நிரோஷனும் தாயும் வந்தார்கள். நான் வடை சுட்டிருந்தேன். தாய் எங்கள் வீட்டை ஒவ்வொரு சுவராகப் பார்த்து முடித்து, சாமி கும்பிட வேண்டும் என்றார். கும்பிட்டது பிள்ளையாரை, பார்த்தது பக்கத்தை. திரும்பி வந்து இருந்துகொண்டு தொடங்கினார்.

"எல்லாத்தையும் வீட்டிலயே வைச்சிருக்கிறியள். பயமில்லையே? பாங்கில வைக்கலாமே?"

"பாங்கில எடுக்க மாட்டினம்" என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருக்காது.

"ஏன், அவ்வளவு கூடவோ?"

என் கணவர் வடையோடு புரையேறி இருமத் தொடங்கினார். அந்த அம்மா ஆரணியின் பக்கம் திரும்பி, "எல்லாம் பிள்ளைக்குத்தானே?" என்று அவள் கையைத் தடவினார்.

ஆரணி கையை மெதுவாக எடுத்தாள். "அன்ரி, அது நகையில்லை. அம்மாவின்ர துவக்கு."

தாய் சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பு பாதியில் நின்றது. நான் கணவரைப் பார்த்தேன். இம்முறை அவர் சாமி அறைக்குப் போகவில்லை. தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமி, "ஓம். அனுமதி எல்லாம் இருக்கு. மனிசி நல்லாச் சுடுவா" என்றார்.

அதுவரைக்கும் பேசாமல் இருந்த நிரோஷன் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தான். "என்ன அளவு?"

நான் வாய் திறக்க முதல் ஆரணி சொன்னாள்: "ஏழு மில்லிமீற்றர் சுந்தரி. கடையில வாங்க ஏலாது. அம்மாவும் சிநேகிதியும் செய்தது."

தகப்பன் சொல்லியிருக்கிறார். அவள் கேட்டிருக்கிறாள். எனக்கு அந்தப் பெயரை அவள் வாயால் கேட்டதும் வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட வேண்டும்போல இருந்தது.

அவர்கள் இரண்டாவது வடை எடுக்காமலே எழும்பினார்கள். நிரோஷனுக்கு இன்னும் கேள்விகள் இருந்தன. தாய் அவனைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். செய்தி கோயிலுக்கும் போயிருக்க வேண்டும்; அடுத்த சபைக் கூட்டத்தில் என் கணவர் கோயில் தேர்ச் சில்லைப் பற்றிச் சொன்ன யோசனையை ஒருவரும் எதிர்க்கவில்லை என்று கேள்வி.

கதவு மூடியதும் ஆரணி சுவரில் சாய்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் நிற்பாட்ட முடியாமல் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் இன்னும் கோவம்தான்" என்றாள்.

"தெரியும்."

"ஏனம்மா? உண்மையாச் சொல்லுங்கோ. விளையாட்டெண்டு சொல்லாதையுங்கோ."

நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. "ஊரில எத்தினை வெடி கேட்டிருப்பன், பிள்ளை. எங்க இருந்து வருது, எங்க போகுது, எப்ப நிக்கும், ஒண்டும் தெரியாது. இது அப்பிடியில்லை. ஒண்டுதான் போடலாம். அதையும் நானே செய்து, நானே போட்டு, நானே சுடுறன். அடுத்தது நான் போடாட்டில், சத்தம் இல்லை. அவ்வளவுதான்."

"அப்ப சில்வெஸ்டர் பயம் போயிட்டுதோ?"

"எங்க போறது? இந்த வருசமும் பாத்றூம்தான்."

அவள் துவாயை எடுத்து நான் கழுவிய கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினாள். போகும்போது கறி டப்பா இரண்டு கேட்டாள்.

6

எங்கள் போட்டி, பட்டணத்துக்கு வெளியே ஒரு பழைய கல்லுக்குழியில் நடந்தது. ஆரணி வந்தாள். காதுக்கு மூடி போட்டு, எனக்குப் பக்கத்தில் இருந்து தூரக்கண்ணாடியால் பார்த்து, எங்கே படுகிறது என்று சொல்லும் வேலையைக் கேர்டா அவளுக்குக் கொடுத்தாள்.

கோழி, பன்றி பரவாயில்லை. வான்கோழி மானத்தை வாங்கியது. கடைசியாகக் கடாக்கள், வரிசையாக. முதலாவதைத் தவறவிட்டேன்.

"இடப்பக்கம், நிலத்தில" என்றாள் ஆரணி. ஒவ்வொரு வெடிக்கும் அவள் தோள் துள்ளுவதை ஓரக்கண்ணால் கண்டேன். என் மகளுக்கும் அந்தப் பயம் ஒட்டியிருக்கிறது. நான்தான் பாத்றூமுக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

"ஏலாட்டில் போய்க் காருக்குள்ள இரு, பிள்ளை."

"இல்லை. சுடுங்கோ."

திறந்தேன். ஒன்று போட்டேன். மூடினேன். மூச்சை விட்டு, கடாவின் தோளைக் குறி பிடித்து, சுட்டேன்.

தூரத்தில் கடா மெதுவாகப் பின்னால் சரிந்தது. அது விழுந்து முடிகிற நேரத்தில்தான், கல்லுச் சுவரில் மோதி, டாங் என்ற சத்தம் எங்களிடம் வந்து சேர்ந்தது.

ஆரணி கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்தாள். "அம்மா, முதல்ல விழுந்தது. பிறகுதான் சத்தம் வந்தது."

"தூரம். அப்பிடித்தான் வரும்."

அவளுக்கு அது ஒரு புதினம். எனக்கு உடனே அடுத்த தோட்டாவை எடுக்க முடியவில்லை. என் வாழ்க்கையில் எப்போதும் சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு நாங்கள் கதவுக்குப் பின்னால் இருந்து, விழுந்தது யார் என்று யாராவது வந்து சொல்லும் வரைக்கும் காத்திருப்போம்.

மிச்சக் கடாக்களில் இரண்டு விழுந்தன. வெல்லவில்லை, வெல்லக் கிட்டவும் இல்லை. சுட்டு முடிந்ததும் எல்லோரும் துவக்கைத் திறந்து வைத்துவிட்டு, விழுந்தவற்றை நிமிர்த்த நடந்தோம். ஆரணியும் வந்தாள். முதலில் விழுந்த அந்தக் கடா புல்லில் மல்லாந்து கிடந்தது. தோளில் ஒரு சின்னச் சாம்பல் பொட்டு.

"முதுகை வளைக்காதையுங்கோ, முழங்காலை மடியுங்கோ" என்றாள், தன் நோயாளிகளுக்குச் சொல்கிற குரலில். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சுப் பிடித்து, அதைத் தூக்கிக் காலில் நிறுத்தினோம்.